மண்ணைக் காட்டாத மாப்பிள்ளை

"அந்தத் தாளத் தூக்கு தம்பி, மண்ணப் பாக்கணும்" என்றார் மாமா.

"அது மட்டும் முடியாதுங்க" என்றான் மாப்பிள்ளை.

அரை ஏக்கர் நிலத்தைப் பாலித்தீன் தாளால் போர்த்தி வைத்துவிட்டு, வரப்பில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான் அன்புச்செல்வன். தாளின் பளபளப்பில் கல்வராயன் மலை தலைகீழாகக் கிடந்தது.

நாங்கள் எலவனாசூர்கோட்டையிலிருந்து வடக்கனந்தலுக்கு வேன் பிடித்து, மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள். வீட்டைப் பார்த்தாயிற்று. மாட்டைப் பார்த்தாயிற்று. கிணற்றில் கல் போட்டுச் சத்தம் கேட்டாயிற்று. மிச்சம் மண் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து பார்க்காமல் பெண் கொடுக்க மாட்டார்கள். மாமா ஒரு படி மேலே போய் நாக்கிலும் வைத்துப் பார்ப்பார்.

அன்புச்செல்வன் பொறுமையாகத்தான் சொன்னான். போன வருஷம் போட்ட மஞ்சள் முழுக்கக் கிழங்கு அழுகிப் போய்விட்டது. நோய் மண்ணுக்குள் இருக்கிறது. நிலத்தை நனைத்து, தாளைப் போர்த்தி, ஓரமெல்லாம் மண் போட்டு அடைத்துவிட்டால், சித்திரை வெயில் உள்ளேயே தங்கி நோயையும் களை விதையையும் அவித்துக் கொன்றுவிடும். இன்னும் பத்து நாள் பாக்கி. நடுவில் திறந்தால் சூடு போய்விடும். அதோடு இந்த வருஷத்து மஞ்சளும் போய்விடும்.

"நெலத்துக்கு வேது புடிக்கிறாரு" என்று சித்தப்பா எங்களுக்கு விளக்கினார்.

மாமாவுக்கு அது ஏறவில்லை. வெயில் நிலத்தைக் காய வைக்கும் என்பது வரைதான் அவருக்குத் தெரியும். அந்த வெயிலையே ஒருவன் பிடித்து அடைத்து வைக்கிறான் என்றால் உள்ளே என்னவோ வில்லங்கம் இருக்கிறது.

உவர் நிலம் என்றார் ஒருவர். வெறும் பாறை என்றார் இன்னொருவர். ஆண்டாள் அத்தை முட்டி போட்டு, தாள் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, "வேர்த்துக்கினு இருக்குது, பாருங்கடி" என்றாள். அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. உடனே பெண்கள் எல்லோரும் வரிசையாக முட்டி போட்டோம். ஒருத்தி காதை வைத்துக் கேட்கப் போய், கன்னம் சுட்டு எழுந்தாள்.

பக்கத்து வயலும் தங்களுடையதுதான், அதே மண்தான், வேண்டுமானால் அதை அள்ளிப் பாருங்கள் என்றான் அன்புச்செல்வன்.

"பொண்ணு பாக்க வந்தவனுக்குப் பக்கத்து வூட்டுப் பொண்ணக் காட்டுவாங்களா?" என்றார் மாமா.

பொண்ணைக் காட்டுவது பற்றி மாமா பேசக் கூடாது. ஸ்டுடியோக்காரர் வெளுத்த வெளுப்பில், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த போட்டோவில் கண்ணும் பொட்டும்தான் மிச்சம். அதைப் பார்த்துவிட்டுப் பெற்ற அம்மாவே யார் இது என்று கேட்டாள்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினார்.

அன்புச்செல்வன் வேறு எதுவும் யோசிக்கவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு தாளின் ஓரத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஏதோ சாமி கும்பிடுகிறான் என்று நினைத்து அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவனுடைய அம்மா சின்னப்பொண்ணு ஓடி வந்தாள். "வயசு முப்பத்தாறு ஆவுதுடா. நெலத்து வேல பாக்குறவனுக்கு எவன் பொண்ணு தரான்? வந்த ஒண்ணையும் தொரத்திடாத. ஒரு ஓரத்தத் தூக்குடா சாமி!"

"ஒரு சாண் தூக்குனாலும் போச்சும்மா" என்றான், படுத்தபடியே. கண் கலங்கியிருந்தது. ஆனால் நகரவில்லை.

எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. பொறாமையாகவும் இருந்தது. இத்தனை பேர் சுற்றி நின்று கத்தும்போது, முடியாது என்பதை ஒருவன் வாய்விட்டுச் சொல்கிறானே.

மாமா இடுப்பில் கை வைத்து யோசித்தார். பிறகு, "எதுக்கு வம்பு, பொண்ணுகிட்டயே கேட்டுடறேன்" என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"இன்னாம்மா... ஆமாம்மா, மண்ணக் காட்ட மாட்டேங்குறாரு... வேணாங்கிறியா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா..."

தியாகதுருகத்து மாப்பிள்ளையும் சங்கராபுரத்து மாப்பிள்ளையும் இப்படித்தான் போனார்கள். பொண்ணு போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அந்த வீட்டார் பேசிக்கொண்டது ரொம்ப நாள் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. அதனால்தான் இந்தத் தடவை அடம்பிடித்து நானும் வேனில் ஏறினேன்.

மாமா பேசிக்கொண்டே இருந்தார். என் கைப்பையில் இருந்த போன் அடிக்கவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மாமா என்னைக் கூட்டி வந்திருந்தார். மாமாவிடம் பேசக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

அவருடைய நம்பரை அழுத்தினேன்.

"அப்ப சரிம்மா, ஒன் இஷ்டம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், காதில் வைத்திருந்த போன் காதிலேயே அலறியது.

மாமா துள்ளினார். கூட்டம் மொத்தமும் திரும்பியது. அன்புச்செல்வன் படுத்த வாக்கில் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான்.

இனி எடுக்காமல் இருக்க முடியாது. "அலோ" என்றார் மாமா, நாலு அடி தள்ளி நின்ற என்னையே பார்த்தபடி.

"தாளத் தூக்க வேணாம் மாமா" என்றேன் போனில். "பத்து நாள் கழிச்சு நானே வந்து பாத்துக்கறேன்."