சின்னவனுக்குத் தண்ணீர் கிடையாது

அலமாரியைத் திறந்ததும் மூன்றாம் வகுப்பு மிஸ் ஒரு முறைக்கு இரண்டு முறை உள்ளே எட்டிப் பார்த்தாள்.

சின்னவன் முளைத்திருந்தான்.

பெரியவன் முளைத்ததில் அதிசயம் இல்லை. பெரியவன், சின்னவன் என்பதெல்லாம் பிள்ளைகள் வைத்த பெயர்கள். இரண்டும் பஞ்சு அடைத்த காகிதக் குவளைகள், ஆளுக்கு மூன்று பயறு. பெரியவனுக்குத் தண்ணீர் உண்டு. சின்னவனுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. போன புதன்கிழமை உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று. இன்று திங்கள்கிழமை எல்லோர் முன்னாலும் திறப்பது என்று ஏற்பாடு.

தண்ணீர் இல்லாமல் விதை முளைக்குமா?

கேள்வி பிள்ளைகளுடையது. பதிலையும் அவர்களேதான் கண்டுபிடிக்க வேண்டும், மிஸ் வாயைத் திறக்கக் கூடாது. இந்த வருடம் மிஸ் ஒற்றைக் காலில் நின்று கொண்டுவந்த பாடமுறை இது.

"கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா பாடத்தை எப்ப முடிக்கிறது?" என்று கேட்ட தலைமையாசிரியை சிஸ்டர், அரை மனதாக ஒரு வருடம் கொடுத்திருந்தார். அந்த வருடம் முடியப்போகிறது. இந்த முறை தொடரட்டுமா, பழையபடி கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்கே திரும்பிவிடலாமா என்று முடிவு சொல்ல, பள்ளிகளுக்குப் பொறுப்பான ஃபாதர் கடைசி பெஞ்சில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். எட்டு வயதுக்காரர்களின் பெஞ்சு. முழங்கால் முகவாயில் இடிக்காத குறை. சிஸ்டர் கதவோரம் விறைப்பாக நின்றிருந்தார்.

அலமாரிச் சாவியும் இன்று காலை வரை சிஸ்டரிடம்தான் இருந்தது. "எங்கிட்டயே இருக்கட்டும்" என்று புதன்கிழமையே கேட்டு வாங்கிக்கொண்டார். நம்மேல் அவ்வளவுதான் நம்பிக்கை என்று மிஸ் அன்றிலிருந்து மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தப் பொருமலுக்கும் நேரமில்லை. பூட்டுகிற அன்றைக்கே பிள்ளைகள், "சின்னவன் பாவம் மிஸ், அவனுக்கும் ஒரே ஒரு சொட்டு" என்று கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக யாரோ கைவரிசையைக் காட்டிவிட்டார்கள்.

கரும்பலகைக்கு மேலே இந்த மாதத்துக்கான பண்பு கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது: உண்மை.

"யார் தண்ணி ஊத்தினது? சொன்னா திட்ட மாட்டேன்."

ஒரு கைகூட எழவில்லை. முப்பத்தொரு முகங்கள் திருதிருவென்று விழித்தன.

மிஸ்ஸுக்கு அழுகை முட்டியது. பரிசோதனை போனால் போகிறது, பாடமுறைகூடப் போகட்டும். பிள்ளைகள் தன்னிடம் பொய் சொல்கிறார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போது 'ஏன்' எழுந்தாள். எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று ஆரம்பிப்பதால் வகுப்பில் அவளுக்கு அதுவே பெயர். யாரிடமும் கேட்கவில்லை, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேரே போய் அலமாரிக்குள் தலையை விட்டாள். பின்னாலேயே பாதி வகுப்பு மொய்த்துக்கொண்டது.

குவளைகளில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகளில் மை புள்ளி புள்ளியாகக் கலைந்திருந்தது. இரண்டிலும். பலகையைத் தடவிப் பார்த்தார்கள். கதவின் உள்பக்கத் தூசியில் தூறல் விழுந்த மாதிரி பொட்டுப் பொட்டாகத் தடம். சிலது காய்ந்தது, சிலது இன்னும் ஈரம். ஒருத்தன் முகர்ந்துகூடப் பார்த்தான். அவன் எதையும் முகர்ந்துதான் பார்ப்பான்.

'ஏன்' தலையை வெளியே எடுத்தாள். மூக்கு நுனியில் தூசி.

"மிஸ், இது ஊத்தினது இல்ல, தெளிச்சது. ஒரு நாள் இல்ல, தினமும். கதவு உச்சி வரைக்கும் பொட்டு இருக்கு, எங்க யாருக்கும் அவ்வளவு உயரம் எட்டாது."

ஃபாதர் பெஞ்சிலிருந்து எழுந்தார். அதாவது, எழப் பார்த்தார். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துவிட வேண்டியிருந்தது. வந்து குனிந்தார். சீட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், 'ஏன்' நீட்டிய பூதக்கண்ணாடியையும் மரியாதையாக வாங்கிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தபடி குறிப்பேட்டை மூடினார்.

"இந்த வகுப்பை நிறுத்தச் சொல்லி நான் எழுதினா, இந்தப் பிள்ளைங்க என்னையே விசாரிச்சிடுவாங்க. நடக்கட்டும்."

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. மிஸ்ஸுக்குச் சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. சந்தேகப்பட்டதற்கு முப்பத்தொரு பேரிடமும் அங்கேயே மன்னிப்புக் கேட்டாள். பெரிய மனது பண்ணி மன்னித்தார்கள்.

ஆனால் 'ஏன்' உட்காரவில்லை. அவள் பார்வை மெதுவாகக் கதவோரம் போனது. அதைத் தொடர்ந்து ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

அந்தப் பள்ளியில் புது பெஞ்சு வந்தாலும், புது வேன் வந்தாலும், பரீட்சைக்குப் பேனா வாங்கினாலும் முதலில் யார் வந்து தெளிப்பார் என்பது ஒன்றாம் வகுப்புக்குக்கூடத் தெரியும்.

சிஸ்டரின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. அங்கியின் பைக்குள்ளிருந்து சிலுவை போட்ட சின்னக் குப்பியை வெளியே எடுத்தார். அடியில் ஒரு விரற்கடைதான் புனித நீர் மிச்சமிருந்தது. யார் தண்ணீர் ஊற்றியது என்று மிஸ் கேட்டபோது அவருக்கு உறைக்கவே இல்லை. அதைத் தண்ணீர் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"உங்க மிஸ் ஜெயிக்கணும்னுதான் தினமும் காலையில வேண்டிக்கிட்டுத் தெளிச்சேன்," என்றார் சிஸ்டர், யாரையும் பார்க்காமல். "எது முளைக்கணும், எது முளைக்கக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே. அதான் ரெண்டுக்கும் தெளிச்சிட்டேன்."