சட்னி அரைக்கிற நேரம்

வீட்டுக்கு வீடு பேச்சைக் கேட்கிற பெட்டியை அரசாங்கம் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனதிலிருந்து, ஸ்டெல்லா மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் முதலில் மிக்ஸியைப் போடுவாள். தெருவே அப்படித்தான். காலையில் சட்னி அரைக்கிற நேரம்தான் எல்லோருக்கும் பேசுகிற நேரம்.

அன்றும் தேங்காயைப் போட்டு மிக்ஸியைத் திருகியதும், அவள் புருஷன் அருளப்பன் காதருகே வந்து கத்தினான்.

"ஊர்வலம் போனவங்களை எல்லாம் பிடிக்கிறாங்களாம். உன் தம்பி எங்கதான் இருக்கான்?"

இரைச்சலை மீறி அவளும் தொண்டை கிழியக் கத்தினாள். "பயப்படாதீங்க, அவன்..."

பட்டென்று கரண்ட் போனது. மிக்ஸி நின்றது.

"...சித்தி வீட்டு மாடியிலதான் இருக்கான்!"

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் யார் யாரோ எதையோ கத்திவிட்டுச் சட்டென்று அடங்குவது கேட்டது. சுவர்ப்பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் அணையவே இல்லை.

வேண்டியது கிடைத்துவிட்டதைப் போல உடனே கரண்ட் வந்தது. தெரு முழுக்க மிக்ஸிகள் மறுபடி இரைந்தன. அந்த இரைச்சலில் யாரும் எதுவும் பேசவில்லை.