படுக்கை மாற்றும் நேரம்

“அம்மாவை முதியோர் ஹோமுக்கு அனுப்பக் கூடாதுக்கா. அவ்வளவுதான்.”

பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. வாசலைத் தாண்டி நாலடி வைப்பதற்குள் தம்பி தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா போனபோதுகூட வராதவன். ‘லீவு தர மாட்டேங்கறாங்க’ என்று போனில் அழுததோடு சரி. இப்போது வெளிநாட்டிலிருந்து சென்ட் வாசனையோடு வந்து இறங்கி உத்தரவு போடுகிறான்.

“சரி துரை. சாயங்காலம் ஹோம்லேர்ந்து வண்டி வரும். இதை அவங்ககிட்டயும் சொல்லி அனுப்பிடு.”

“கேலி பண்ணாதேக்கா. நான் அங்க எல்லாத்தையும் பார்த்தவன்.”

“என்னத்தைப் பார்த்தே? பெரிய ஹோட்டல்ல சூப்பர்வைசர். ஏசியில நின்னு பத்துப் பேரை வேலை வாங்கறவன். நான் இங்க வருஷக் கணக்கா மூத்திரத் துணி அலசறேன்.”

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“போகும்போது எனக்கும் வீடு, காருன்னுதான் மனசு பூரா இருந்துச்சு. அங்க ஒரு ஹோம்ல வயசான அம்மா ஒருத்தங்க. ஞாயிற்றுக்கிழமை ஆனா விடியும்போதே ஷூ போட்டுக்குவாங்க. மகன் வருவான்னு. இருட்டற வரைக்கும் கழட்ட விட மாட்டாங்க. கிட்டப் போனா கையைத் தட்டி விடுவாங்க. அவங்க செத்த அன்னிக்கு மகன் போன் பண்ணான். சாமானையெல்லாம் பார்சல்ல அனுப்பிடுங்கன்னான்.”

“எங்கேயோ கேட்ட கதையை என்கிட்ட அளக்காதே. எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு. இனிமே லீவு கேட்டா வேலைக்கே வராதேன்னு துணிக்கடையில சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரரும் எவ்வளவுதான் பொறுத்துக்குவார்? நான் மட்டும் ஆசைப்பட்டா அனுப்பறேன்? உனக்கென்ன, நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயம்.”

“அது இல்லக்கா. நானே பார்த்துக்கறேன்.”

அக்கா சிரித்தாள். இன்னும் கொஞ்சம் விட்டால் அழுகையாகிவிடும், அப்படி ஒரு சிரிப்பு.

“நீயா? சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துப் போடாதவன் நீ. எத்தனை நாளைக்கு? திரும்பிப் போற வரைக்குமா?”

“போகல. வேலையை விட்டுட்டேன்.”

“விட்டியா, துரத்திட்டாங்களா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் பின்அறையிலிருந்து முனகல் கேட்டது. பின்னாலேயே வாடையும் வந்தது.

“கடவுளே, இப்பதானே மாத்தினேன்!” அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “வா, வந்து ஒரு கை பிடி. புரட்டினா அம்மா உயிர் போற மாதிரி கத்துவாங்க. நீ பயந்துக்காதே.”

திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம்.

‘பார்த்துக்கறானாம். வாடை வந்ததுமே ஆள் எஸ்கேப்!’ என்று முணுமுணுத்தபடி, வாளியில் தண்ணீர் பிடித்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அவளுக்கு முன்னாலேயே அவன் அங்கே இருந்தான். வாட்சையும் மோதிரத்தையும் கழற்றியிருந்தான். சட்டைக் கை முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது. ஒரு பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சூடு வரத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

“அம்மா, நான்தான். உன்னை இந்தப் பக்கம் திருப்பப் போறேன். ஒண்ணும் அவசரமில்ல.”

அம்மாவின் ஒரு முழங்காலை மடக்கினான். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அம்மா தானாகவே ஒருக்களித்துப் படுத்த மாதிரி இருந்தது. நனைந்த விரிப்பை முதுகு வரைக்கும் நீளமாகச் சுருட்டினான். துடைத்தான். ஈரத்தை ஒற்றி எடுத்தான். புது விரிப்பைப் பாதி சுருட்டி அதை ஒட்டினாற்போல் வைத்தான். கட்டிலைச் சுற்றி வந்து அம்மாவை மறுபக்கம் திருப்பினான். பழையது உருவிக்கொண்டு வந்தது, புதியது சுருக்கமில்லாமல் விரிந்தது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்தான். குதிகாலைத் தூக்கி, புண் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்தான்.

அம்மா ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். இத்தனை வருஷமும் அம்மாவைக் கத்த வைத்தோமே என்று இருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் மெல்லப் புரிந்தது.

“டேய்... எங்கடா கத்துக்கிட்டே இதை?”

அவன் திரும்பவில்லை.

“ஹோட்டல் இல்லக்கா. வயசானவங்க ஹோம். அங்க போன நாள்லேர்ந்து இதேதான் வேலை.”

“ஏன்டா சொல்லல?”

“அம்மா எல்லார்கிட்டயும் சூப்பர்வைசர்னு பெருமையா சொல்லிட்டிருந்தாங்க. நான் எப்படிச் சொல்றது?”

அக்கா கூடத்துக்குப் போய்ப் போனை எடுத்தாள். “வண்டி வேண்டாங்க... ஆமாங்க, அனுப்பல. ஆள் வந்தாச்சு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அம்மா தூங்கிவிட்டிருந்தாள். தம்பி கட்டில் ஓரத்தில் அம்மாவின் பாதத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது.

“வண்டிதான் வரலையே. இன்னும் ஏன்டா அழறே?”

“எத்தனையோ பேரோட அம்மாவுக்குச் செஞ்சாச்சுக்கா” என்றான். “நம்ம அம்மாவுக்கு இன்னிக்குத்தான்.”