அனல் பேச்சும் அரைமணி நடையும்

நான் மேடைப் பேச்சாளன். போஸ்டரில் என் பெயருக்கு முன்னால் 'அனல்' என்று போடுவார்கள்.

மனைவிக்கு இதயத்துடிப்பு தாறுமாறானது. வேகநடையை மட்டும் விடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். சோதித்து முடிவு சொல்ல, டாக்டர் ஒரு வாரத்துக்கு அவள் மார்பில் துடிப்பைப் பதிவு செய்யும் மானிட்டர் ஒட்டினார்.

"இந்த வாரம் என் பேச்சை மட்டும் கேட்டுடாதே. உன் இதயம் தாங்காது" என்று எச்சரித்தேன்.

ரிப்போர்ட் வந்தது. அதைப் பார்த்த டாக்டர் மனைவியிடம் கேட்டார்.

"நடக்கும்போது துடிப்பு ஏறுது, பயப்படற அளவுக்கு இல்லை. வீட்டுக்கு வந்ததும் தூங்குற மாதிரி அடங்கிடுதே, என்னம்மா பண்றீங்க?"

மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இவரோட பேச்சைப் போன்ல போட்டுக் கேட்பேன், டாக்டர்."

டாக்டர் சீட்டில் எழுதினார்: தினமும் அரைமணி வேகநடை, பிறகு ஐந்து நிமிடம் கணவர் பேச்சு.

"அதுக்கு மேல வேண்டாம்மா. துடிப்பு ரொம்ப இறங்கிடும்."