பத்து கிராம் பிழை

"மறுபடியும் பத்து கிராம் பிழைண்ணே! ஆணி வாங்குறவனுக்குக் கூடுதலா போகுது," என்றார் தராசைச் சோதிக்க வந்த ஆய்வாளர்.

"நஷ்டம் எனக்கு. அரசாங்கத்துக்கு ஏன்யா வலிக்குது?" ஆணிக்கடைக்காரர் வழக்கம்போல எகிறினார். "தப்பா நிறுத்தா வாடிக்கைக்காரனே அடுத்த கடைக்குப் போயிடுவான். சந்தைக்குத் தெரியாததா உங்க சட்டத்துக்குத் தெரியும்?"

தராசுத் தட்டுக்கு அடியில் ஒரு திருகு உண்டு. அது அரைச் சுற்று நகர்ந்தாலே எடை மாறிவிடும். கூடினாலும் குறைந்தாலும் பிழை பிழைதான்; அடுத்த மாதமே மறு ஆய்வு என்பது விதி. கடைக்கு வருகிற மற்றவர்கள் ஆணியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உட்கார்ந்து, டீ குடித்து, சண்டை போடுகிறவர் ஆய்வாளர் ஒருவர்தான்.

ஆய்வாளர் திருகைச் சரிசெய்துவிட்டுச் சிரித்தார். "நீங்க ஜெயிச்சுட்டீங்கண்ணே. அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க. இனி நான் வரமாட்டேன். நிம்மதியா இருங்க."

"அப்பாடா, தொல்லை விட்டுது!" என்றார் கடைக்காரர், சத்தமாக.

ஆய்வாளர் தெருமுனை திரும்பும்வரை கடைக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, மூன்று வருடமாக ஒவ்வொரு ஆய்வுக்கும் முந்தின நாள் அந்தத் திருகை அரைச் சுற்று நகர்த்தி வைத்த ஸ்க்ரூடிரைவரைக் கல்லாவிலிருந்து எடுத்துத் துடைத்து, விலைச்சீட்டு ஒட்டி, விற்பனைக்கு வைத்தார்.