சொத்தை இல்லாத பள்ளிக்கூடம்

"ஏறுங்க, ஏறுங்க! நேரமாச்சு!"

தலைமை ஆசிரியை விண்ணரசி பதினோரு பிள்ளைகளை வேனில் ஏற்றினார். ஏழாம் வகுப்பில் இவர்களுக்கு மட்டும் தாராசுரம் கோயில் சுற்றுலா. மற்ற பிள்ளைகளுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

கடைசியாக ஏறியது அவர் மகள் பிரின்ஸி. கன்னம் வீங்கியிருந்தது. "வலி தாங்கலம்மா. நான் வீட்லயே இருக்கேனே."

"லீவு விடட்டும்டி, ரெண்டு பஸ் மாறியாவது தஞ்சாவூர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இன்னிக்குப் பல்லக் கடிச்சுக்க..." சொன்னபிறகுதான் உறைத்தது. "பொறுத்துக்கடா கண்ணு."

வேன் போய்ப் பத்தே நிமிடம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் சொத்தைப் பல்லைக் கணக்கெடுக்க டாக்டர் ஃபாஜில் வந்து இறங்கினார்.

போன வருஷம் ரத்தசோகைக் கணக்கெடுப்பில் குடவாசல் பக்கத்திலேயே இந்தப் பள்ளிதான் கடைசி. அத்தனை தலைமை ஆசிரியர்கள் முன்னாலும் விண்ணரசியை எழுப்பி நிறுத்தி, வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார் மேலதிகாரி. இன்னொரு தடவை அந்த மானக்கேடா? அதனால்தான் சொத்தைப் பல் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து வேனில் அனுப்பினார். பெத்த மகளையும் சேர்த்து!

டாக்டர் ஒவ்வொரு வாயாகப் பார்த்து, "பூஜ்யம்... இதுவும் பூஜ்யம்..." என்று சொல்லச் சொல்ல, உதவியாளர் அபிநயா எழுதிக்கொண்டே போனாள்.

"ஆச்சரியமா இருக்கே! ஏழாவதுல மொத்தமே இவ்வளவு பேர்தானா டீச்சர்?"

"இவ்வளவுதான் சார்." கர்த்தரே, மன்னியும்.

டாக்டர் பக்கத்திலிருந்த காலி அறையை எட்டிப் பார்த்தார். "இதுல தண்ணி லைன், கரண்ட்டெல்லாம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு சார்!" அறைக்கும் மார்க் உண்டு போல என்று அவசரமாக ஃபேனைப் போட்டுக் காட்டினார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆசை தாங்காமல் கேட்டார். "எங்க ஸ்கூல்தானே சார் ஃபர்ஸ்ட்டு?"

"சந்தேகமே இல்ல." டாக்டர் அபிநயா பக்கம் திரும்பினார். "இந்த ரூமை லிஸ்ட்லேருந்து அடிச்சிரும்மா. பக்கத்து ஊருக்கே போட்டுருவோம்."

"எதை சார்?"

"பல் கிளினிக்குங்க. சொத்தை அதிகமா இருக்கற பள்ளிக்கூடத்துலதான் வைக்கப்போறோம். வாரம் ரெண்டு நாள், எல்லாருக்கும் இலவச வைத்தியம்."

விண்ணரசி அவசரமாக அபிநயாவின் பேனாவை மறித்தார். "சார்... அது வந்து... இங்கயும் ஒண்ணு..."

டாக்டர் சிரித்தார்.

"பல்லெல்லாம் நல்லா இருக்கற ஊருக்கு டாக்டர் எதுக்கு டீச்சர்?"