கட்டி வைத்த காற்று

அவள் உள்ளே நுழைந்தபோது மூன்றாவது மின்விசிறியையும் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்து வகுப்பறை. தகரக் கூரை. மேசைமேல் ஏறி நின்ற காவலர், பழைய வேட்டியின் முனையை இழுத்து முடிச்சுப் போட்டார். இறங்கினார்.

தலைக்குமேல் மூன்று வெள்ளை மூட்டைகள்.

காற்று செத்துப்போனது.

வசந்தாமணிக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. மின்விசிறி அவளுடைய சின்னம்.

புகார் கொடுத்தவன் சென்னியப்பன். எம்.எல்.ஏ.வின் பூத் ஏஜெண்ட். வாக்குச்சாவடிக்குள் எந்த வேட்பாளரின் சின்னமும் கண்ணில் படக்கூடாது, இங்கேயோ தலைக்குமேல் சுற்றுகிறது என்று அதிகாரியிடம் நீட்டி முழக்கியிருந்தான். அதிகாரி வெளியூர்க்காரர். வேலைக்குப் பங்கம் வந்துவிடக்கூடாது என்று, யோசிக்காமல் கட்டச் சொல்லிவிட்டார்.

"சட்டமுங்க அக்கா," என்றான் சென்னியப்பன். சிரிப்பை ஒளிக்கக்கூட மெனக்கெடவில்லை.

அவன் போட்ட கணக்கு அவளுக்குத் தெரியும்.

ஆற்றின் கிழக்குக் கரையில் இதுதான் பெரிய வாக்குச்சாவடி. இந்தக் கரையிலிருந்து ஒருவர்கூட இதுவரை சட்டமன்றத்துக்குப் போனதில்லை. ஓட்டு மட்டும் ஆற்றைத் தாண்டும். ஆள் தாண்டியதில்லை. முதன்முதலாக ஒரு தறிக்காரி, சுயேச்சையாக, நிற்கிறாள். இங்கே ஓட்டு கொட்டினால்தான் அவளுக்கு வழி.

சித்திரை வெயில். காற்றில்லாத அறை. கொஞ்ச நேரம் வெந்தால் ஜனம் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டும். போனவர்கள் திரும்புவார்களா?

அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

வரிசையைப் பார்த்தாள்.

முன்னால் நின்ற பெண் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அண்ணாந்தாள். அது என்ன மூட்டை என்று பின்னால் நின்றவரைக் கேட்டாள். அவர் சொன்னார். எதற்குக் கட்டினார்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னார்.

பேச்சு வரிசையோடு ஊர்ந்தது. வாசலைத் தாண்டியது. தெருமுனை டீக்கடைக்குப் போனது.

யாரும் நகரவில்லை.

ஆட்கள் வந்தார்கள். ஓட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தறிப்பட்டறையில் படுத்துக் கிடந்தவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் முதலில் அண்ணாந்து மூட்டையைப் பார்த்தார்கள். அப்புறம் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் விரலை நீட்டினார்கள்.

மை.

மறைப்புக்குப் பின்னால் ஒரு நொடி.

பீப்.

மை. ஒரு நொடி. பீப்.

எம்.எல்.ஏ.வின் சின்னம் குடை. சென்னியப்பனின் நாற்காலிக்கு அடியில் கறுப்பாக ஒன்று கிடந்ததை வரிசையில் நின்ற ஒரு தறிக்காரர் கண்டுபிடித்தார்.

"ஏனுங்க சார், அந்தக் குடைக்கு வேட்டி கட்டலீங்களா?"

அறை குலுங்கியது. காவலர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

கொஞ்ச நேரத்தில் சென்னியப்பனை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். வெளியே கொடுத்துவைத்திருந்த அவன் போன் அடித்தது. எம்.எல்.ஏ. அக்கரையில், ஏசி காருக்குள் இருந்தார். போட்ட சத்தம் இக்கரையில், அறைக்குள் நின்ற வசந்தாமணிக்கே கேட்டது. எந்த மடையன் விசிறியைக் கட்டச் சொன்னது என்று கேட்டார். உடனே அவிழ்க்கச் சொன்னார். சாயங்காலம் வரை அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்றும் சொன்னார்.

சென்னியப்பன் திரும்பி வந்தான். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாக அதிகாரியிடம் முனகினான்.

அதிகாரிக்கு உயிர் வந்தது. அவரும் காலையிலிருந்து சட்டைக்குள் வெந்துகொண்டிருந்தவர்தான். வசந்தாமணியிடம் திரும்பி, உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் அவிழ்த்துவிடலாமா என்று கேட்டார்.

அவள் ஒருமுறை அண்ணாந்தாள்.

வரிசையைப் பார்த்தாள்.

வேர்வையில் குளித்த முகங்கள். முன்னால் நின்றவர் மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம். அவருக்குப் பின்னால் நின்றவளும் ஆட்டினாள். அதற்குப் பின்னால் இன்னொரு தலை. வாசல் வரை தலைகள் ஆடின.

அவள் அதிகாரியிடம் திரும்பினாள்.

"கட்டுனது கட்டுனபடியே இருக்கட்டுங்க சார். சட்டம்னு நம்ம தம்பியே சொல்லிப்போட்டாரு."

வரிசையில் கிளம்பிய சிரிப்பு வாசலைத் தாண்டும்போது கைதட்டலாக மாறியிருந்தது. அவளுக்கு உள்ளங்கால் வரை சிலிர்த்தது. ஓட்டை எண்ணுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இருக்கட்டும்.

சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மூட்டைகளைப் பார்த்தான். கையிலிருந்த போனை ஒருமுறை பார்த்துவிட்டு அணைத்தான்.

பிறகு எழுந்தான்.

அவனும் இந்தக் கரைக்காரன்தான். அவன் ஓட்டும் இங்கேதான். இன்னும் போடவில்லை.

வரிசையின் கடைசிக்குப் போய் நின்றான். யாரும் வழி விடவில்லை. அவனும் கேட்கவில்லை. வெயிலில் நின்று, நகர்ந்து, அவன் முறை வந்தபோது யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் விரலை நீட்டினான்.

இயந்திரத்தில் எம்.எல்.ஏ.வின் பெயர் உச்சியில். அவள் பெயர் அடியில்.

அட்டை மறைப்புக்குமேல் சென்னியப்பனின் தலை மட்டும் தெரிந்தது.

தலை குனிந்தது.

இன்னும் குனிந்தது.